மேலிருந்து எறிகிறவள் தேவை

ஹார்ட்வெல், மிச்சிகன்
3 நவம்பர் 1947

என் அன்பு ஸ்டெஃபா,

நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்த செய்தி தந்தியில் வந்தது. தந்திக்கு நீ அதிகம் செலவழிக்க மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் "வந்தேன். குளிர். ஸ்டெஃபா" என்பது கொஞ்சம் அநியாயம்தான். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வாயைத் தொறந்தா மூட மாட்டா இந்தப் பொண்ணு, எழுதறதுல மட்டும் இப்படிக் கஞ்சத்தனமா?" என்றாள். மாடி அறையில் உன் கட்டிலை இன்னும் எடுக்கவில்லை. பட்டாணி சூப் வைக்கும் போதெல்லாம் அம்மா உனக்கும் சேர்த்தே வைத்துவிடுகிறாள், அதைத் தின்று நான் பெருத்துக்கொண்டு வருகிறேன். நாற்காலித் தொழிற்சாலையில் மறுபடி வார்னிஷ் பூசப் போகிறேன். சீசன் தொடங்கும் வரை என் தலைமுடியில் அந்த வாசனைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பெண்கள் பேஸ்பால் லீக்கின் அறிவிப்பை நீயும் பேப்பரில் பார்த்திருப்பாய். அடுத்த சீசனிலிருந்து பிட்சர்கள் எல்லோரும் ஆம்பிளைகளைப் போலக் கையைத் தோளுக்கு மேலே தூக்கித்தான் பந்தை எறிய வேண்டுமாம். பந்தும் சின்னதாகிறது, தூரமும் கூடுகிறது. இடுப்புக்குக் கீழே கையைச் சுழற்றி வீசுகிற உன்னைப் போன்றவர்கள்தான் இத்தனை வருஷம் இந்த லீக்கையே தூக்கி நிறுத்தினீர்கள். அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? நம் லார்க்ஸ் அணியில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற பிட்சர்கள் அத்தனை பேரும் கீழிருந்து வீசுகிறவர்கள். மேனேஜர் ப்ரூனருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சனிக்கிழமை தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டார். வாயில் புகையிலை, கண்ணில் தூக்கமில்லை. "ஏம்மா கோரா, மட்டைக்காரிக்குப் பின்னாடி குந்தி உக்காந்து எல்லார் பந்தையும் புடிச்சவ நீ. எவ பந்து எப்படி வரும்னு உன்னை விட யாருக்குத் தெரியும்? பனி உருகறதுக்குள்ள மேலேருந்து எறியற பொண்ணுங்க ரெண்டு பேரையாவது தேடிக் கொடு" என்று பொறுப்பைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உன் ஊர்ப் பக்கத்தில் மெல்வில் ரயில்வே ஆபீசில் ஐடா க்ரேஞ்சர் என்று ஒரு குமாஸ்தா இருக்கிறாளாம். பையன்களோடு ஆடி, மேலிருந்து எறிந்து பழகியவளாம். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவாயா?

உன்னைப் பற்றியும் பேச்சு வந்தது. வசந்தம் வரட்டும், பார்க்கலாம் என்றார். நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. ஆனால் கையைத் தூக்கி எறிய இன்றைக்கே பழக ஆரம்பி. இது உன் கேட்சரின் உத்தரவு.

உன் சத்தம் இல்லாமல் தூங்க முடியாத,
கோரா


யார்க்டன் அருகே, சஸ்காட்செவன்
17 நவம்பர் 1947

அடி கோரா,

உத்தரவு வந்து சேர்ந்தது. எங்கள் தானியக் களஞ்சியத்துக்குள் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் மேலிருந்து எறிந்த பந்து கூரையில் பட்டது. இரண்டாவது பந்து அப்பாவின் லாந்தரில் பட்டது. மூன்றாவது பந்து எங்கே போனது என்று எனக்கே தெரியாது, தம்பி வாசில் வைக்கோலுக்குள் தேடிக்கொண்டிருக்கிறான். அப்பா வந்து உடைந்த கண்ணாடியைப் பொறுக்கியபடி, "பொண்ணே, ஊர்ல காசு கொடுத்துப் பாத்தாங்களே, இதையா பாத்தாங்க?" என்றார். பசுமாடுகளே என்னைக் கண்டால் ஒதுங்கி நிற்கின்றன.

சிரிக்காதே. இல்லை, சிரி, நான் பக்கத்தில் இல்லாதபோதாவது நன்றாகச் சிரித்துக்கொள். கையைத் தொங்கவிட்டு வீசும்போது பந்து என் விரலை விட்டுப் போகிற இடம் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் மட்டைக்காரியின் முழங்காலோரம் கொண்டுபோய் வைப்பேன். கையை மேலே தூக்கினால் அது யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. இரவில் தோள் வலிக்கிறது, அம்மா வாத்துக் கொழுப்பைக் காய்ச்சித் தேய்த்துவிடுகிறாள். என் மேல் வீசுகிற நாற்றத்துக்கு உன் வார்னிஷ் எவ்வளவோ தேவலாம்.

தானியக் கிடங்கு ஏஜென்ட் நெஸ்டர் ஞாயிறுதோறும் வருகிறான். கோதுமையில் ஈரம் எவ்வளவு என்று அப்பாவோடு பேசிவிட்டு, போகும்போது என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்குகிறான். நல்ல மனுஷன்தான். ஆனால் அவனைப் பார்த்தால் எனக்குக் கோதுமையின் ஈரம்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வருஷம் நான் திரும்பிப் போகவில்லை என்றால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அம்மா புதிய மேஜை விரிப்புக்குப் பூவேலை செய்ய ஆரம்பித்திருக்கிறாள்.

கோரா, எனக்கு அந்த மைதானம் வேண்டும். வேறு என்ன சொல்ல?

உன் ஐடாவைப் போய்ப் பார்க்கிறேன். என் இடத்துக்கு நானே ஆள் தேடிக் கொடுக்கிறேன் என்று ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். இரண்டு பேர் வேண்டும் என்றுதானே ப்ரூனர் சொன்னார்? ஒருத்தி அவள், இன்னொருத்தி நான்.

வாத்துக் கொழுப்போடு,
ஸ்டெஃபா


ஹார்ட்வெல்
1 டிசம்பர் 1947

ஸ்டெஃபாக் கண்ணு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். லாந்தர் கட்டத்தில் சூப் புரையேறிவிட்டது. முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்து, அப்புறம் மிச்சத்தை வாசித்தேன்.

என் வேட்டையைக் கேள். ஒருத்தி பக்கத்து ஊர்க் கசாப்புக்காரர் மகள். முன்னங்கையைப் பார்த்ததுமே, ஆஹா, நம் ஆள் இவள்தான் என்று நினைத்தேன். பந்தும் குண்டு மாதிரி வந்தது. ஆனால் மூன்று பந்து எறிந்துவிட்டு, "அவ்ளோதானே? நான் கிளம்பலாமா?" என்கிறாள். ஒரு ஆட்டம் முழுக்க எறிய வேண்டும் அம்மா என்றேன். "முழுக்கவா! சாயங்காலம் எனக்கு சர்ச்சுல பாட்டு இருக்கே" என்றாள். இன்னொருத்தி கலமஸூவில் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. அழகாக எறிகிறாள். எறிந்ததும், "ஐயோ, வலிச்சுதா?" என்று ஓடி வந்து என் கையைப் பிடித்துப் பார்க்கிறாள். ஒவ்வொரு பந்துக்கும்! மட்டைக்காரிக்குப் பயந்து எறிகிற பிட்சரைப் பார்த்திருக்கிறேன், கேட்சரிடம் மன்னிப்புக் கேட்கிறவளை இப்போதுதான் பார்த்தேன்.

ப்ரூனருக்குப் பொறுமை போய்விட்டது. மற்ற அணிகளும் இதே வேட்டையில் இருக்கிறார்கள். வெளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவளையெல்லாம் பிடித்து எறியச் சொல்லிப் பார்க்கிறார்களாம். கண்ணில் பட்ட பெண்ணையெல்லாம் கல் எடுத்து எறியச் சொல்லாத குறைதான்.

கிறிஸ்துமஸுக்கு அம்மா செய்த மசாலா பிஸ்கட் அனுப்பியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் வாசிலுக்குக் கொடுத்துவிடாதே.

ஐடாவைப் பார்த்தாயா?

கோரா


யார்க்டன் அருகே
12 டிசம்பர் 1947

கோரா கோரா கோரா,

பார்த்தேன்! உட்கார்ந்து கேள்.

மெல்விலில் வெளியே நின்றால் மூக்கு உதிர்ந்துவிடும் குளிர். ஐடா என்னை நேரே ரயில் எஞ்சின்களை நிறுத்தி வைக்கிற கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். உள்ளே நீராவி எஞ்சின்கள் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கின்றன, வெயில்காலம் போலக் கதகதப்பு. இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே நீளமாக வெறும் தரை. எறிவதற்கு ஏற்ற இடம். ஆனால் பிடிக்க ஆள்? கூட வந்த எங்கள் வாசில் முதல் பந்தைப் பார்த்ததுமே எஞ்சினுக்குப் பின்னால் போய்விட்டான்.

வேறு வழியில்லை, நானே குந்தினேன். வாசில் ஐஸ் ஹாக்கியில் கோல் காக்கிறவன், அவன் கால் கவசங்கள் இரண்டும் வண்டியில் கிடந்தன. அதை மாட்டிக்கொண்டேன். அவன் கையுறைக்குள் உள்ளங்கை படுகிற இடத்தில், மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன உப்புப் பன்றிக்கறித் துண்டை வைத்துக்கொண்டேன். கொட்டகை ஆட்கள் கரியும் எண்ணெயுமாகச் சுற்றி நின்று, "ஏம்மா, பந்து புடிக்க வந்தியா, போருக்கு வந்தியா?" என்று கேட்டார்கள். "வாயை மூடிட்டுத் தள்ளி நில்லுங்க, பல்லு போயிடும்" என்றேன்.

ஐடா எறிந்தாள். அடேயப்பா! பந்து புறப்பட்டதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை, கட்டைவிரல்தான் சொன்னது. திசை கொஞ்சம் தறிகெட்டுப் போகிறது, ஆனால் அது பழகினால் சரியாகும். நல்ல உயரம், நல்ல நிதானம், இரண்டு மணி நேரம் எறிந்தும் முகத்தில் அலுப்பில்லை. நீ தேடியது இவளைத்தான். நான் மனசாரச் சொல்கிறேன், கோரா, ப்ரூனரிடம் சொல்லிவிடு.

இன்னொன்று. கீழே குந்தி உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே வேறு மாதிரி இருக்கிறது! இத்தனை வருஷம் நான் உன் கையுறையை மட்டும்தான் பார்த்தேன். நீ மொத்த மைதானத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா? சொல்லவே இல்லையே, திருட்டுக் கழுதை!

இனி சனிக்கிழமைதோறும் போகிறேன். அவளும் பழகலாம், அவள் எறிவதைப் பார்த்து நானும் கையைத் தூக்கக் கற்கலாம்.

வீங்கிய கட்டைவிரலால் எழுதியது,
ஸ்டெஃபா

பிஸ்கட் வந்தது. வாசிலுக்குக் கொடுக்கவில்லை. அவனே எடுத்துக்கொண்டான்.


ஹார்ட்வெல்
22 டிசம்பர் 1947

அன்பு ஸ்டெஃபா,

நீ எழுதியதை ப்ரூனரிடம் அப்படியே வாசித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனுஷன் சிரித்தார். ஐடாவோடு தானே டெலிபோனில் பேசுவதாகச் சொன்னார்.

கட்டைவிரலுக்கு ஐஸ் வை. உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லையே.

வேறு விசேஷமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் ஆடுவதற்காக அம்மா மறுபடி பாதிரியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். உன் வீட்டில் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்.

கோரா


யார்க்டன் அருகே
5 ஜனவரி 1948

கோராவுக்கு,

உன் போன கடிதம் ஏன் அவ்வளவு சின்னதாக இருந்தது என்று இப்போது புரிகிறது.

சனிக்கிழமை மெல்வில் போனேன். ஐடா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவள் மனசில் ஒரு கல்மிஷமும் இல்லை. "உங்க மேனேஜர் போன் பண்ணினார். ஸ்டெஃபா கொவாலோட இடம், அதாவது உங்க இடம், காலியா இருக்கு, உங்களை இனி எடுக்கறதில்லன்னு போன வாரமோ நேத்தோ இல்ல, சீசன் முடிஞ்சப்பவே முடிவு பண்ணியாச்சுன்னார். உங்களுக்குத் தெரிஞ்சுதான் எனக்குச் சிபாரிசு பண்ணினீங்கன்னு நினைச்சேன். எவ்ளோ பெரிய மனசு உங்களுக்கு!" என்றாள்.

பெரிய மனசு! வாத்துக் கொழுப்பைத் தேய்த்துக்கொண்டு களஞ்சியத்தில் கூரையைப் பார்த்து எறிந்தேனே, அப்போதே உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் "வசந்தம் வரட்டும்" என்று எழுதினாயா? ப்ரூனர் சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். நீ சொல்லியிருந்தாலும் அழுதிருப்பேன், ஆனால் உன் தோளில் அழுதிருப்பேன். இப்போது எஞ்சின் கொட்டகையில் கரியள்ளுகிறவர்கள் முன்னால் நின்று, சிரித்த முகத்தோடு, "ஆமா, எனக்குத் தெரியும்" என்று பொய் சொன்னேன்.

அன்றைக்கும் குந்தி அவள் பந்தைப் பிடித்தேன். ஏன் என்று கேட்காதே.

ஸ்டெஃபா கொவால்


ஹார்ட்வெல்
14 ஜனவரி 1948

ஸ்டெஃபா,

திட்டு. இன்னும் நன்றாகத் திட்டு. நீ முழுப் பெயரைக் கையெழுத்துப் போட்டதுதான் தாங்கவில்லை.

அன்றைக்குத் தொழிற்சாலை வாசலில் ப்ரூனர் சொன்னது இதுதான்: "ஸ்டெஃபா கதை முடிஞ்சுதும்மா. கீழேருந்து வீசியே கை ஊறிப்போச்சு, இனிமே மாறாது. உன் சிநேகிதிதானே, நீயே பக்குவமா சொல்லிடு." பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். சொல்ல முடியவில்லை. நீ எப்படியாவது கையைத் தூக்கப் பழகிவிடுவாய், வசந்தத்தில் அவர் முகத்தில் கரியைப் பூசுவாய், இதைச் சொல்ல வேண்டிய அவசியமே வராது என்று நானே எனக்குக் கதை கட்டிக்கொண்டேன். ஐடாவைப் பார்க்க உன்னை அனுப்பியதும் அதனால்தான். அணியின் வேலை ஏதாவது உன் கையில் இருந்தால் நீ அணியில் இருக்கிற மாதிரி எனக்கு இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. உன்னை இழக்கப் பயந்தேன். நீ இல்லாத மைதானத்தில் யாருக்கு நான் குந்துவது?

பதில் போடு. ஒரு வரி போதும். திட்டாக இருந்தாலும் சரி.

கோரா


ஹார்ட்வெல்
30 ஜனவரி 1948

ஸ்டெஃபா,

தினமும் தபால்காரர் வாசலைத் தாண்டிப் போகிறார். அம்மா ஜன்னலோரம் நின்று அவரை முறைக்கிறாள், ஏதோ அவர் எடுத்து வைத்துக்கொண்டது போல. உன் கட்டிலை இன்னும் எடுக்கவில்லை.

கோரா


யார்க்டன் அருகே
10 பிப்ரவரி 1948

கோரா,

தபால்காரரைத் திட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். எழுதாதது நான். கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுப்பில் வைத்த பால் மாதிரி, அடங்கிவிட்டது என்று திரும்பினால் பொங்குகிறது. ஆனால் உன்னோடு பேசாமல் இருப்பது அதை விடக் கஷ்டமாக இருக்கிறது. போதும்.

முதலில் கெட்ட செய்தி. ஐடா வரவில்லை. ப்ரூனர் லீக்கின் விதிகளை விவரமாகச் சொன்னாராம். குட்டைப் பாவாடை, உதட்டுச் சாயம், வெளியே போனால் கால்சட்டை கூடாது, நடை உடைக்கு வகுப்பு. கேட்டுவிட்டு அவள் சொன்னது: "பாவாடையைக் கட்டிக்கிட்டு மண்ணுல சறுக்கி விழணுமா? தொடை என்னத்துக்காகும்? ரயில்வேல எனக்குப் பென்ஷன் இருக்கு சார். எறியறது எனக்குச் சந்தோஷம், சனிக்கிழமை போதும்." ப்ரூனருக்கு இந்நேரம் கடிதம் போயிருக்கும். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆமாம், நான்தான் சொன்னேன்! என் இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவளிடம் கெஞ்சியிருக்கிறேன். என்னைப் போல ஒரு மக்கு உலகத்தில் உண்டா?

இப்போது நல்ல செய்தி. இதைக் கவனமாகப் படி.

போன சனிக்கிழமை அவள் பந்தைப் பிடித்துத் திருப்பி எறிந்துகொண்டிருந்தேன். குந்தியபடி, யோசிக்காமல், சும்மா எறிகிறேன். கரியள்ளுகிற கிழவர் ஒருவர், "ஏம்மா, உனக்கு மேலேருந்து எறிய வராதுன்னு சொன்னே. இப்ப எறியறியே, இது எங்கேருந்து வருது?" என்று கேட்டார். பார்த்தால் ஆமாம்! திருப்பி எறிகிற பந்தை யாரும் கீழிருந்து வீசுவதில்லை. நாம் எல்லோருமே தோளுக்கு மேலிருந்துதான் எறிகிறோம். ஆனால் அதை யார் கணக்கில் வைக்கிறார்கள்? அது எறிதல் இல்லை, திருப்பிக் கொடுத்தல் என்று நினைத்துவிட்டோம்.

என் கையில் அந்த வேகம் இல்லை, அது எனக்கே தெரியும். ஆனால் அந்த நிமிஷம் உன் பந்து நினைவுக்கு வந்தது. நான் வீசிய ஒவ்வொரு பந்தையும் நீ திருப்பி எறிவாயே, என் உள்ளங்கை காந்தும். "கொஞ்சம் மெதுவாடி, சண்டாளி" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! எதிரணிக்காரி எவளாவது என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இரண்டாம் பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓடினால், குந்தின இடத்திலிருந்தே என் காதோரம் விசில் அடித்துக்கொண்டு ஒரு பந்து போகும். ஓடினவள் பாதி வழியிலேயே தலையில் கை வைத்துக்கொள்வாள்.

அடியே, குந்திக்கொண்டே அப்படி எறிகிறவள் எழுந்து நின்று எறிந்தால் என்ன ஆகும்?

ஊரெல்லாம் தேடினாய், கசாப்புக் கடை வரைக்கும் போனாய். லீக்கிலேயே நல்ல மேல்கை எறிதல் உன்னிடம்தான் இருக்கிறது. உனக்கும் தெரியவில்லை, ப்ரூனருக்கும் தெரியவில்லை. கேட்சர் என்றால் பிடிக்கிறவள், அவ்வளவுதான் என்று நாம் எல்லோரும் இருந்துவிட்டோம். போ, அந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு போய் எறிந்து காட்டு.

ஸ்டெஃபா


ஹார்ட்வெல்
24 பிப்ரவரி 1948

என் கண்ணே ஸ்டெஃபா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் இவளுக்குப் பைத்தியம் என்றேன், அப்புறம் தூங்க முடியவில்லை.

பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் ப்ரூனரை வரச் சொன்னேன். புதுசா ஒரு ஆள் கிடைத்திருக்கிறாள் சார், வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வந்தார். அங்கே யாரும் இல்லை, நானும் பள்ளிக்கூடக் காவல்காரரும்தான். "எங்கம்மா ஆளு?" என்றார். "இதோ" என்று எறிந்தேன். சுவரில் சாய்த்து வைத்திருந்த பஞ்சு மெத்தையில் பந்து விழுந்த சத்தத்துக்குக் காவல்காரர் சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார். ப்ரூனர் வாயில் இருந்த புகையிலையை விழுங்கியேவிட்டார் என்று நினைக்கிறேன். இன்னொன்று எறி, இன்னொன்று எறி என்று என் கை ஓயும் வரை விடவில்லை. அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, "அடப்பாவி, இத்தனை நாளா நீ எங்கம்மா இருந்தே?" என்றார்.

"உங்க கண்ணு முன்னாடி குந்திக்கிட்டுதான் சார் இருந்தேன்" என்றேன்.

சந்தோஷத்தில் எழுந்து நடந்தவர் கதவு வரை போய் நின்றுவிட்டார். "அப்ப கேட்சருக்கு நான் எங்க போவேன்?" கேட்டாயா! அவர் பிழைப்பு அப்படி, ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கும்.

நான் விடவில்லை. "சார், சஸ்காட்செவன்ல ஒருத்தி இருக்கா. குளிர்காலம் முழுக்க எஞ்சின் கொட்டகைல, ஹாக்கிக் கவசத்தை மாட்டிக்கிட்டு, கையுறைக்குள்ள கறியை வச்சுக்கிட்டு, உங்க ஐடாவோட பந்தைப் புடிச்சவ அவதான். ஒண்ணு கூடப் பின்னாடி போகல. மட்டைக்காரிங்க ஒவ்வொருத்திக்கும் எங்க பலவீனம்னு அவளுக்கு அத்துப்படி, ஏன்னா நாலு வருஷமா அவங்களை வீழ்த்தினவளே அவதான்" என்றேன்.

"யாரு, ஸ்டெஃபாவா? அவ பிட்சர் ஆச்சே" என்றார்.

"நான் கேட்சர் ஆச்சே சார்" என்றேன்.

நின்று யோசித்தார். சரி, ஃப்ளோரிடா பயிற்சி முகாமுக்கு வரச் சொல், ஒப்பந்தக் காகிதத்தை இன்றைக்கே அனுப்புகிறேன் என்று போய்விட்டார். கேட்சர் என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஸ்டெஃபா, ஒன்று கேட்க வேண்டும். இந்தத் தடவை மறைக்காமல் கேட்கிறேன். மைதானத்தின் நடுவே அந்த மண்மேட்டில் நின்றவள் நீ. அங்கே இனி நான் நிற்பேன். நீ குந்தி உட்கார்ந்து, நான் எறிவதைப் பார்க்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு ஆட்டமும். உனக்கு அது தாங்குமா? தாங்காது என்றால் சொல். வார்னிஷ் எனக்குப் பழகிவிட்டது, நான் பிட்சராக வேண்டும் என்று யார் அழுதார்கள்? உன் சம்மதம் இல்லாமல் அந்த மேட்டில் கால் வைக்க மாட்டேன்.

காத்திருக்கும்,
கோரா


யார்க்டன் அருகே
8 மார்ச் 1948

கோரா கண்ணு,

காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கேட்சர் என்ற வார்த்தையை அம்மா விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கள்ள நோட்டைப் பார்க்கிற மாதிரி. அப்பா, "உக்காந்துக்கிட்டே செய்யற வேலைன்னா தேவலை" என்றார். நெஸ்டரிடம் நானே பேசிவிட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சீசன் எப்ப முடியும்?" என்று கேட்டான். முடியும்போது முடியும் என்றேன். எனக்கே சிரிப்பாக வந்தது, அவனும் சிரித்துவிட்டான். அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தாங்குமா என்று கேட்டாய். பொய் சொல்ல மாட்டேன். காகிதம் வந்த அன்று களஞ்சியத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு, பழைய மாதிரி கீழிருந்து வீசினேன். நினைத்த பலகையிலேயே போய் விழுந்தது. இன்னொன்று, அதுவும் அங்கேயே. என் கையில் ஒரு குறையும் இல்லை, கோரா. யாரோ எங்கோ உட்கார்ந்து ஒரு விதியை எழுதினார்கள், அவ்வளவுதான். வைக்கோலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பசுக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அழுது முடித்ததும் பயங்கரமாகப் பசித்தது. அம்மா செய்த உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டையை வாசிலுக்கு மிச்சம் வைக்காமல் தின்றேன். மறுநாள் சனிக்கிழமை. எஞ்சின் கொட்டகைக்குப் போய்க் கவசத்தை மாட்டிக் குந்தினேன். ஐடாவின் பந்து வந்து கையில் விழுந்தபோது சந்தோஷமாக இருந்தது. நிஜமான சந்தோஷம், யாருக்காகவும் போட்ட வேஷம் இல்லை.

அதனால் நீ மேட்டில் ஏறு. ஏறாமல் வந்து நின்றாயானால் நானே தூக்கிக்கொண்டுபோய் வைப்பேன்.

ஆனால் ஒன்று. என்ன பந்து எறிய வேண்டும் என்று விரலைக் காட்டுவது கேட்சர்தானே? நாலு வருஷம் நீ காட்டினாய், நான் தலையாட்டினேன். இனி நான் காட்டுவேன், நீ ஆட்டு. தப்பாக எறிந்தால் எல்லோர் முன்னாலும் எழுந்து வந்து காதைத் திருகுவேன்.

முதல் ஆட்டத்தில் உன்னை மேட்டில் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கும், அது நிச்சயம். கலங்கட்டும். எனக்குக் கேட்சரின் முகமூடி இருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. நீ அழுதுவிடாதே. நடுவில் நிற்கிறவள் முகத்தை ஊரே பார்க்கும்.

உன் கேட்சர்,
ஸ்டெஃபா